ஒப்பீட்டுக் குழு

சீட்டுக் குலுக்கியதில் தைமிக்கு டிரெட்மில் மேசை விழுந்தது.
எனக்கு நாற்காலி,
பதினோரு வருஷமாக நான் உட்கார்ந்து பள்ளமாக்கிய அதே நாற்காலி.
"எப்போதும்போல இருங்கள், அதுதான் உங்கள் வேலை"
என்றாள் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஹில்லா.
இவ்வளவு எளிதான வேலையை
யாரும் என்னிடம் கேட்டதில்லை.

இருவர் தொடையிலும் தீப்பெட்டி அளவில் ஒரு கருவி.
அடிகளை எண்ணும்.
அசையாத மணிகளையும் விடாது.

ஓலு நகரம், ஜனவரி.
மூன்று மணிக்கே சன்னல் கறுத்து
அலுவலகத்தை வெளியே தூக்கி வைக்கிறது:
கார் நிறுத்துமிடத்துக்கு மேலே, அந்தரத்தில்
தைமி நடக்கிறாள்,
மணிக்கு இரண்டு கிலோமீட்டர்,
விரல்கள் விசைப்பலகையில்.
வாகனக் காப்பீட்டுக் கோரிக்கைகள்.
பனிமான் குறுக்கே வந்தது.
பாலத்தில் வழுக்கியது.
மறுபடியும் பனிமான்.

முதல் வாரம் அவளுக்குப் பூஜ்யங்கள் கூடின;
ஒரு கண்ணாடி மாற்ற
நாற்பதாயிரம் யூரோ போகவிருந்தது.
மௌஸ் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை.
அடுத்த வாரம் கேட்டது.
அதற்கடுத்த வாரம், மதியச் சாப்பாட்டுக்குப்பின்
கொட்டாவி விட்டது நான் மட்டும்.

பிப்ரவரியில் ஓர் அழைப்பு.
கித்திலாவிலிருந்து ஒரு முதியவர்.
மனைவி ஓட்டிப்போன கார்.
தைமி படிவத்தின் இரண்டாம் கேள்விக்கு வருமுன்
"நடந்துகொண்டா பேசுகிறீர்கள்?" என்றாராம்,
"மூச்சு அப்படிக் கேட்கிறது."
ஆமாம் என்றாள், மன்னிப்புக் கேட்கும் குரலில்.
"நானும்தான். அடுப்பிலிருந்து வாசல்வரை, வாசலிலிருந்து அடுப்புவரை.
உட்கார முடியவில்லை."

அவள் வேகத்தைக் குறைக்கும் பொத்தானை அழுத்தினாள்.
இன்னொரு தரம்.
பட்டையின் இரைச்சல் முனகலாக இறங்கியது.
நாற்பது நிமிஷம் நடந்தார்கள் இருவரும்,
நானூறு கிலோமீட்டர் இடைவெளி விட்டு,
அதிகம் பேசாமல்.

அன்று தைமி முடித்த கோரிக்கைகள் நான்கு.
அவள் சராசரி ஒன்பது.
வரைபடத்தில் உற்பத்தித்திறன்
அந்த இடத்தில் குழியில் விழுந்து எழுந்தது.

என் கருவியையும் கணினியில் இணைத்துப் பார்த்தாள் ஹில்லா.
புருவம் சுருங்கியது.
"பதினெட்டாம் தேதி, இரண்டே காலிலிருந்து
மூன்றுக்கு ஐந்து நிமிஷம்வரை
ஏதோ அசைந்திருக்கிறதே, எழுந்தீர்களா?"

இல்லை.
உட்கார்ந்துதான் இருந்தேன்.
மேசைக்கடியில் பாதங்கள்தாம்,
ஒன்று மாற்றி ஒன்று.

அதை எந்தக் கட்டத்தில் எழுதுவதென்று
கொஞ்சநேரம் யோசித்தாள்.
பிறகு, கருவி பழுது என்று போட்டாள்.