எலும்புருக்கி

மூன்று நாள் காலையில் துப்பச் சொன்னார்கள்.
மூடி போட்ட டப்பாவில் எச்சிலைத் தவிர
என்னிடமிருந்து எதுவும் வரவில்லை.
நெஞ்சுப் படம் சுத்தம்.
"பீடி சுத்துத ஆளுக்கு இப்படி ஒரு நெஞ்சா"
என்று எக்ஸ்ரே அறைக்காரர் வியந்தார்.
எனக்கும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

முதுகுதான் சொன்னபடி கேட்கவில்லை.
ஆயிரம் பீடிக்கு உட்கார்ந்தவள்
நானூறில் எழுந்தேன். பிறகு இருநூறில்.
முக்கூடல் கடையில் கணக்கர்
"கழிவு கூடுது முத்துப்பேச்சி" என்றார்.
சுளுக்கு என்று ஒருத்தர் எண்ணெய் போட்டு மிதித்தார்.
வாயு என்று ஒருத்தர் பூண்டு தின்னச் சொன்னார்.
ராத்திரி மட்டும் காய்ச்சல் வரும்,
விடியுமுன் போய்விடும்,
கடன்காரனுக்குப் பயந்தவன் மாதிரி.

ஹைகிரவுண்டில் அந்த டாக்டரம்மா
முதலில் என்னைத் தொடவே இல்லை.
பையிலிருந்து ஒரு அஞ்சு ரூபாயைத் தரையில் போட்டு
"எடுங்க" என்றார்.
நான் குனியவில்லை.
தொடைமேல் கைகளை ஊன்றி
நெட்டுக்குத்தலாக இறங்கினேன்,
கிணற்றுக்குள் வாளி இறங்குவது போல.
"எத்தனை மாசமா இப்படி எடுக்கிய?"
எனக்கே தெரியாது.

எம்ஆர்ஐ ராத்திரி ரெண்டு மணிக்குக் கிடைத்தது.
தாலியைக் கொம்பையாவின் சட்டைப்பையில் போட்டுவிட்டு
ரைஸ்மில்லுக்குள் படுத்த மாதிரி கிடந்தேன்.
பத்தாவது முள்ளெலும்புக்கும் பதினொன்றுக்கும் நடுவே
கரைந்திருக்கிறதாம்.
ஓரத்தில் சீழ்.
சுடாத சீழ்.
இன்னும் பிந்தியிருந்தால் கால் போயிருக்கும்.

ஊசியில் எடுத்ததை யாரோ அவசரத்தில்
பார்மலினில் போட்டுவிட்டார்கள்.
அதில் கிருமி செத்துவிடும்.
செத்தது வளராது.
எந்த மருந்துக்கு அடங்கும் என்று சொல்லாது.
"இன்னொரு தடவை குத்தணும்க்கா"
லேபிலிருந்து மாடிப்படி ஏறி வந்து சொன்ன பையனுக்கு
இருபத்திரண்டு வயது இருக்கும்.
திட்டத்தான் வாயெடுத்தேன்.
உப்புத்தண்ணீர்க் குப்பியை
அவனே கையோடு கொண்டுவந்திருந்தான்.

மறுநாள் சாயங்காலம் பெயர் வந்தது.
முதல் மருந்துக்கே அடங்குமாம்.

"காசம்னா இருமல்லா? நீ ஒரு நாள் இருமி நான் பாக்கலியே"
இசக்கித்தாய் மைனி நம்பவில்லை.
ஆனாலும் என் தட்டைத் தனியாக வைத்தாள்.
"முதுகால யார் மேலயும் தும்ம முடியாது மைனி" என்றேன்.
சிரிக்கவில்லை.
அவள் அப்பா செத்த காகிதத்தில்
எலும்புருக்கி என்று எழுதியிருந்ததாம்.
அந்தப் பெயரை வைத்தவன்
நெஞ்சோடு நின்றவன் இல்லை.

எடை பார்த்துக் கொடுத்த மாத்திரை.
ஆரஞ்சு மிட்டாய் கரைத்த மூத்திரம்.
வெயிலில் மார்போடு இறுகிய பெல்ட்.
ரெண்டு மாதத்தில் வலி போனதும்
போதும் என்று தோன்றியது.
கொம்பையா தினமும் அட்டையை எண்ணினார்,
கடையில் கட்டு எண்ணுவதைவிடக் கறாராக.
குணமாச்சு என்று சொல்ல
இந்த நோய்க்குத் துப்புகிற டப்பா கிடையாது.
எடையும் நடையும்தான் சாட்சி.
பதினோராவது மாதம் டாக்டரம்மா மாற்றலாகிப் போனார்.
அந்த அஞ்சு ரூபாய் என்னிடமே இருந்தது.

போன வாரம்
பேட்டை தாண்டி பஸ் குலுங்கியதில்
அது சீட்டுக்கடியில் உருண்டுபோனது.
துழாவி எடுத்தேன்.
சோடா மூடி.
காசு போனது போனதுதான்.
நிமிர்ந்த பிறகுதான் தெரிந்தது
குனிந்திருந்தேன் என்று.