எவனோ

துலூத் துறைமுகத்தில் கப்பல்கள்
பனிக்கட்டிக்குள் படுத்துவிட்டன.
மார்ச் கடைசிவரை கிரேனுக்கு வேலையில்லை,
எனக்கும்.
ஆகவே சுவர்.

சின்ன அறை.
பன்னிரண்டு வருஷமாக அதே நீலப் பாய்மரப் படகுகள்
அதே பக்கம் சாய்ந்து போய்க்கொண்டிருந்தன.
லின்னேயாவுக்குப் பதினான்கு ஆகிவிட்டது.
"படகெல்லாம் போகட்டும்" என்றாள். அவ்வளவுதான்.

மூலையில் நகம் நுழைத்து இழுத்தேன்.
முதல் படகு அழகாகக் கையோடு வந்தது.
இரண்டாவது
சுவரையும் கூட்டிக்கொண்டு வந்தது.

ஜிப்சம் பலகைக்கு மேல்தோல் வெறும் காகிதம்.
அது உரிந்தால் அடியில் பழுப்பு,
நாய் கடித்த அட்டைப்பெட்டி மாதிரி.
வெந்நீரில் வினிகர் கலந்து தெளித்தேன்.
பத்து நிமிஷம் பொறுக்க வேண்டும்; பொறுக்கவில்லை.
பழுப்பு ஊறியது, புடைத்தது.
சாயங்காலத்துக்குள் சுவர் முழுக்க
ஊர்பேர் தெரியாத தீவுகள்.

மச்சான் ஈனோ வந்தான், பார்த்தான், காபி கேட்டான்.
"பிரைமர் அடிக்காமல் நேரே ஒட்டியிருக்கிறான் எவனோ."

எவனோ.
அந்த எவனோவை இரண்டு நாள் திட்டினேன்.
தகட்டால் சுரண்டச் சுரண்டத் திட்டினேன்.
சோம்பேறி. அவசரக் குடுக்கை.
கூலிக்கு மாரடித்த பயல்.
வீட்டை எங்களுக்கு விற்ற கிழவரைக்கூட
விட்டுவைக்கவில்லை.
சிக்னே கதவில் சாய்ந்து
துணி மடித்துக்கொண்டே கேட்டிருந்தாள்.

மூன்றாம் நாள் சுவிட்சின் மூடியைக் கழற்றினேன்.
ஓரத்தில் பென்சில் கணக்கு:
நீளம், உயரம், எத்தனை சுருள்.
ஏழின் இடுப்பில் ஒரு குறுக்குக் கோடு.

என் ஏழு.

அது ஒரு மார்ச். மறுநாள் முதல் கப்பல்.
பிரைமர் காய ஒரு ராத்திரியாவது வேண்டும் என்றாள் இவள்.
"இதை யார் கிழிக்கப் போகிறார்கள்?"
என்று சொன்னது நான்.

"ஞாபகம் வந்துவிட்டதா?" என்றாள் சிக்னே,
கடைசித் துண்டை மடித்தபடி.

அப்புறம் வாயைத் திறக்காமல் வேலை.
பிசிர் விளிம்புகளைக் கத்தியால் அறுத்தெடுத்தேன்.
விரலுக்கு வழுக்கல் நிற்கும்வரை பசையைக் கழுவினேன்.
பழுப்பின் மேல் முதலில் சீலர்,
ஜன்னலைத் திறந்தால் குளிர் கடிக்கும்,
மூடினால் நெடி தலையைச் சுற்றும்.
காய்ந்த பிறகே பட்டி.
பட்டி காய்ந்த பிறகே உப்புத்தாள்.
புருவமெல்லாம் மாவு.

லின்னேயா டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்தாள்.
நேரே பார்த்தால் நல்ல சுவர்தான்.
ஓரமாய் வெளிச்சம் விழுந்ததும்
ஒவ்வொரு மேடும் தன் நிழலோடு எழுந்து நின்றது.
"அங்கே. இங்கே. அப்பா, இன்னும் கீழே."
இரக்கமே இல்லை அவளுக்கு.
பூசி மெழுகிப் பழகின கை
மூன்று முறை வெறுமனே பூசியது.

என்ன நிறம் என்றேன். கரும்பச்சை.
இருண்ட நிறத்தில் எல்லாக் குறையும் தெரியும்,
கடையிலேயே எச்சரித்தார்கள்.
"தெரிந்தால் என்ன?" என்றாள்.

சுவிட்ச் மூடிக்குள் மறுபடி பென்சிலால் எழுதினேன்:
பிரைமர் அடித்திருக்கிறது. பயமின்றிக் கிழிக்கலாம்.
தேதி. குறுக்குக் கோட்டோடு ஒரு ஏழு.
அதற்குக் கீழே, கொஞ்சம் யோசித்து,
ரேடியேட்டருக்குப் பின்னால் மட்டும் மன்னிக்கவும்.

அங்கே கை போகவில்லை.
இரண்டு படகுகள் இன்னும்
அதே பக்கம் சாய்ந்து
போய்க்கொண்டிருக்கின்றன.