படிவத்தின் பின்பக்கம்

நாலாம் திட்டில் இறக்கிவிட்ட ஓட்டி
கை நீட்டிச் சொன்னானாம்:
அந்தா தெரியுது வெளிச்சம், ராமேசுவரம்.
முழங்கால் தண்ணிதான், நடந்து போங்கோ.
விடிந்ததும் வெளிச்சமும் இல்லை, கரையும் இல்லை,
நாலு பக்கமும் கடல்.
மரைன் போலீஸ் படகு வரும்வரை
கொதிக்கிற மணலில் நின்றார்களாம்
ஒரு கால் மாற்றி ஒரு கால்.
கொக்கு மாதிரி, என்றாள் தவராணி.
சிரித்தாள்கூட.

மண்டபம் முகாம், மூன்றாம் அறை.
மின்விசிறி சுற்றுகிறதே தவிரக் காற்று இல்லை.
என் வேலை படிவம், ஆளுக்கொன்று.
பெயர், வயது, ஊர், மாவட்டம்.
வந்த காரணம்: ஒரு வரிக்குத்தான் இடம்.
பால்மா, என்றாள்.
நிமிர்ந்து பார்த்தேன்.
பால்மாதான், எழுதுங்கோ.
மற்றதெல்லாம் முந்தியும் இருந்தது.

எழுதினேன்.

கொடுக்க வேண்டியதைக் கொடுத்தோம்.
பாய் இரண்டு, வாளி ஒன்று, சோப்பு, சீப்பு,
அஞ்சு பேருக்கு மூன்று கம்பளி.
பங்குனி வெயிலில் கம்பளி.
எந்தக் குளிர் அறையில் உட்கார்ந்து
பட்டியல் போட்டார்களோ.
எல்லாவற்றையும் வாளிக்குள் அடுக்கிய பிறகும்
அவள் எழுந்திருக்கவில்லை.
ஏதும் விட்டுப்போச்சா, என்றேன்.
நைட்டியின் விளிம்பைச் சாண் அளவு இழுத்து
பாதத்தை மூடினாள்.
அதற்குள் பார்த்துவிட்டேன்.
உடைந்த கொப்புளத்தில்
திட்டின் மணல் இன்னும் ஒட்டியிருந்தது.

செருப்பு பட்டியலில் இல்லை.

நம்பர் கேட்டால் யாருக்கும் தெரியவில்லை.
கையில் வேறு தாளும் இல்லை.
அவர்களுடைய படிவங்களையே
குப்புறக் கவிழ்த்துத் தரையில் வைத்தேன்.
ஏறி நில்லுங்க.
சிவகரன் தயங்கினான்,
எழுத்தை மிதிக்கலாமோ என்று.
எழுத்து அடியில இருக்கு, பரவாயில்ல, நில்லுங்க.
பேனா சுற்றி வந்தது.
மச்சான் நிரோஜனுக்குப் பெருவிரல்
தாளுக்கு வெளியே போய்விட்டது,
அதைத் தரையில் வரைந்தேன்.
கூசுது கூசுது என்று கத்தினாள் டிலானி, எட்டு வயசு.
திட்டில் இறங்கியதிலிருந்து
வாய் திறக்காத பிள்ளையாம்.
எல்லாரும் ஒரு நொடி அவளையே பார்த்தார்கள்.
கடைசியில் கைக்குழந்தையைத் தூக்கி நீட்டினாள் தவராணி.
நாலு மாசம், நடக்கவா போறான், இவனுக்கு எதுக்கு?
அவனும் வந்தவன்தானே, என்றாள்.

சீனி மரைக்காயர் கடை, முகாம் வாசலுக்கு எதிரே.
தாளை விரித்து அதன்மேல்
ரப்பர் செருப்பை வைத்து வைத்துப் பார்த்தார்.
ஒன்றைப் புரட்டி வாசித்தார்.
இன்னொன்றையும் வாசித்தார்.
விலை குறைப்பார் என்று நினைத்தேன்,
குறைக்கவில்லை.
இந்த அளவுக்குச் செருப்பு வராதே என்று
பரணில் ஏறிக் கால்மணி நேரம் உருட்டினார்.
தலையெல்லாம் ஒட்டடையோடு இறங்கினார்,
அமுக்கினால் கீச்சிடும் ஒரு சோடியோடு.
அதற்கும் முழு விலை.

பில் திரும்பி வந்தது.
செருப்பு என்று ஒரு செலவினம் கிடையாதாம்.
பாதச் சுகாதாரம் என்று மாற்றிக் கொடுத்தேன்.
பணம் வந்தது.

ஆனால் படிவம் அசல்தான் வேண்டும் என்றார்கள்.
மறுபடி எழுதலாம் என்றால்
மண்டபத்தில் இருந்தவர்களின் கையெழுத்து
ராமநாதபுரத்துக்கு மாற்றலாகிப் போயிருந்தது.
அப்படியே நூல் கட்டிச் சென்னைக்குப் போனது கோப்பு.
அங்கே ஒரு மேசையில்
யாரோ பெயர் பார்த்து, வயது பார்த்து,
காரணத்தில் கொஞ்சம் புருவம் சுருக்கி,
சின்னதாய் ஓர் ஒப்பம் போட்டு,
எச்சில் தொட்டுத் தாளைத் திருப்புகையில்
அஞ்சு பேர் அங்கே நிற்பார்கள்,
நிற்கத் தெரியாத ஒருத்தனும் சேர்த்து.