மேற்குச் சுவர்

இப்ரியில் பிற்பகல் இரண்டு மணி.
மனையின் மூலைகளை அளந்தாயிற்று.
எல்லைக் கம்பியைத் தொட்ட முனீர்
கையை உதறிக்கொண்டு வங்காளத்தில் ஏதோ சொன்னான்.
மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

அறுநூறு சதுர மீட்டர், அரசு கொடுத்தது.
சுற்றிலும் சரளை. தூரத்தில் ஒரு மின்மாற்றி,
அதன் நிழலில் ஓர் ஆடு.
இந்த வெயிலைப் பற்றி
என்னைவிட ஆழமாக யோசித்திருந்தது அதுதான்.

தாளில் முதலில் வரைந்தது வீட்டை அல்ல,
நிழலை.
ஜூன் இருபத்தொன்று, காலை எட்டு, மாலை நான்கு.
மென்பொருள் சாம்பல் நிறத்தை நகர்த்த நகர்த்தச்
சுவர்களோடு அதன் பின்னால் ஓடினேன்.
பன்னிரண்டு மணிக்கு மட்டும்
ஓடுவதற்கு எதுவுமில்லை.

நடுவில் முற்றம், அகலத்தைவிட உயரம் கூட.
இரவின் குளிர்ச்சி விடிந்த பிறகும்
கொஞ்ச நேரம் அங்கே படுத்துக் கிடக்கட்டும்.
இரட்டைச் சுவர், இடையில் தெர்மோகோல்.
கூரைக்கு வெள்ளை. தண்ணீர்த் தொட்டிக்கும் ஒரு குடை.
இங்கே கோடையில் பச்சைத்தண்ணீர்க் குழாய் கொதிக்கும்;
ஹீட்டரை அணைத்துவிட்டுச்
சுடுநீர்க் குழாயைத் திறந்தால்தான் குளிக்க முடியும்.
ஏழு வருடமாக மாற்றித் திறந்து திறந்து
ஊருக்குப் போனால் கையைச் சுட்டுக்கொள்கிறேன்.

மேற்கே கழிப்பறை, சாமான் அறை, மாடிப்படி.
ஜன்னல் ஒன்றுகூடக் கிடையாது.
முதுகு காட்டுவது வீரமாவது
கட்டடத்தில் மட்டும்தான்.

ஷம்ஸா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
பள்ளியில் கணக்கு டீச்சர்.
நான்கு பிள்ளைகள், ஐந்தாவது வயிற்றில்.
கரண்ட் பில் பாதியாகும் என்றேன். தலையசைத்தாள்.
மஜ்லிஸுக்குத் தனி வாசல். தலையசைத்தாள்.
பிறகு மேற்குச் சுவரில் விரலை வைத்து
"இங்கே ஒரு ஜன்னல்" என்றாள்.

சதுர மீட்டருக்கு எத்தனை வாட்,
மூன்று மணிக்கு மேல் ஏ.சி. எப்படி இரைக்கும்,
சோபாத் துணி எந்த வருடம் வெளுக்கும்,
எல்லாம் சொன்னேன்.
முடிக்கும்வரை பொறுத்திருந்தாள்.

"ரமலானில், செல்போன் சொல்லி
நோன்பு திறக்க எனக்குப் பிடிக்கவில்லை.
அது இறங்குவதை நானே பார்க்க வேண்டும்.
பகலெல்லாம் அதற்குப் பயந்து திரைக்குள் கிடக்கிறோம்.
போகும்போதாவது முகம் பார்க்க வேண்டாமா?"

பக்கத்தில் யாராவது வீடு கட்டினால்?
கட்டமாட்டார்கள். மேற்கே வறண்ட ஆற்றுப்படுகை.
எல்லோரும் ஒதுக்கிய கடைசி மனை இது;
வரிசையில் நின்று அதைத்தான் கேட்டு வாங்கியிருக்கிறாள்.
எனக்கு முன்பே கணக்கை முடித்துவிட்டு
விடையை மட்டும் தாளில் தேடியிருக்கிறாள்.

அன்றிரவு அழித்து வரைந்தேன்.
ரமலான் ஒரு மாதத்தில் நிற்காது;
முப்பத்து மூன்று வருடத்தில் எல்லாப் பருவத்தையும் சுற்றிவரும்.
சூரியனும் ஒரே இடத்தில் இறங்காது;
வடக்கே இருபத்தைந்து பாகை, தெற்கே இருபத்தைந்து.
ஆகவே சதுர ஜன்னல் உதவாது.
ஒரு சாண் உயரம், மூன்று மீட்டர் நீளம்,
சுவரில் கிழித்ததுபோல் ஒரு கோடு.
வெளியே மரக்கதவு, ஐந்தரை மணிவரை சாத்தியிருக்கும்.

எந்த உயரத்தில்?
அலுவலகத் தரையில் அவளை உட்காரச் சொன்னேன்.
மேசையைப் பிடித்துக்கொண்டு மெல்ல அமர்ந்தாள்.
முனீர் டேப்பின் நுனியைத் தரையில் அழுத்த
கண்ணுக்கு நேராக நான் படித்தேன்:
எழுபத்தொரு சென்டிமீட்டர்.

"குழந்தை பிறந்த பிறகும் இதே அளவுதானே?" என்றாள்.
மூவரும் சிரித்தோம்.

மென்பொருள் சிரிக்கவில்லை.
வெப்பம் கசிகிறது என்று
மேற்குச் சுவரில் சிவப்பாக ஒரு கோடு காட்டியது,
ஒரு சாண் உயரம், மூன்று மீட்டர் நீளம்.
சரிசெய்யவா என்று கேட்டது.
வேண்டாம் என்பதை அழுத்திவிட்டு
ஹீட்டர் தண்ணீரில் குளிக்கப் போனேன்.