ஆறு சிட்டிங்

செக்காலை ரோட்டில் மருந்துக்கடைக்கு மேலே
குதிகால் வலிக்கு வைத்தியம்.
ஏறிப்போகப் பதினெட்டுப் படி.
யார் யோசித்தார்களோ.

"ஆறு சிட்டிங் வரணும்க்கா" என்றாள் ரிஸ்வானா.
சிரிப்பு வந்தது எனக்கு.
காலை ஒன்பதரை முதல் இரவு ஒன்பதரை வரை
பட்டுப் பிரிவில் நிற்கிறவள்.
உட்காரலாம் என்று சட்டம் வந்த வருஷம்
ஒரு ஸ்டூல் வாங்கிப் போட்டார்கள்.
ஜாக்கெட் பிட்டுப் பெட்டிகள்
அன்றிலிருந்து அதில் உட்கார்ந்திருக்கின்றன.

"உக்காரணுமா?"
"இல்லக்கா, குப்புறப் படுங்க."

பயந்தேனோ என்னவோ,
கண்ணாடி மாட்டுமுன் லேசரை
என் உள்ளங்கையில் காட்டினாள்.
சின்னதாய் ஒரு சிவப்புப் பொட்டு.

சிவப்பில் எனக்குப் பதினேழு பேர் தெரியும்.
அரக்கு, குங்குமம், மாதுளை முத்து,
மிளகாய்ப்பழம், வெங்காயத்தோல்...
பெண்ணின் அத்தைக்கு எது, நாத்தனாருக்கு எது என்று
முகம் பார்த்தே எடுத்துப்போடுவேன்.
இது எதிலும் சேரவில்லை.

"இது சும்மா அடையாளத்துக்குக்கா.
வேலை பாக்குற வெளிச்சம்
கண்ணுக்குத் தெரியாது."

ஆட்டுக்குட்டி மூச்சு விட்டாற்போல
லேசான வெதுவெதுப்பு. அவ்வளவுதான்.
நானூறு ரூபாய்க்கு
கொஞ்சம் வலித்தாலாவது நம்பலாம்.

வலி எனக்குப் பழக்கம்.
நடக்க நடக்க அடங்கிவிடும், கெட்டிக்காரத்தனமாய்.
விடிந்ததும் கட்டிலிலிருந்து வைக்கிற
முதல் அடிக்காகக் காத்திருக்கும்.
அந்த ஓர் அடியைத் தள்ளிப்போட
பால்காரரைப் படுத்தபடியே
நாளைக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.

மூன்றாவது முடிந்தும் ஒன்றுமில்லை.
நாலாவது அன்று
கண்டாங்கி எழுபதை விரிக்கவைத்துவிட்டு
"பாப்போம்" என்று எழுந்துபோனது
பள்ளத்தூர்க் குடும்பம் ஒன்று.
எழுபதையும் மடித்து முடித்தபோது
ரிஸ்வானா மேல் கோபம் வந்தது.
பாவம், அவள் என்ன செய்வாள்.

ஐந்தாவதுக்கு மறுநாள்
குழாயடியில் குடம் பாதி நிறைந்த பிறகுதான்
உறைத்தது:
முதல் அடியை எப்போது வைத்தேன்?
திரும்ப ஓடி, ஆமாம் ஓடி,
கட்டிலில் ஏறி உட்கார்ந்து
மறுபடி இறங்கிப் பார்த்தேன்.

இருந்தது. கொஞ்சம்.
பாதிக் கடன் அடைந்த வட்டிக்காரர்
வாசலைத் தாண்டும்போது
சும்மா செருமிவிட்டுப் போவதுபோல.
குடம் வழிந்துகொண்டிருந்தது.

ஆறாவதுக்கு ஒரு மணி நேரம் பர்மிஷன் கேட்டேன்.
"எதுக்கு?" என்றார் சூப்பர்வைசர் சாத்தப்பன்.
"சிட்டிங் சார்."

அவர் ஏனோ ஸ்டூலைப் பார்த்தார்.
மேல் பெட்டி
ஒரு பக்கமாய்ச் சாய்ந்திருந்தது.