பதினோரு கிலோ

வேலைக்குச் சேர்ந்து நான்காம் இரவு.
உலான்பாட்டரில் மைனஸ் முப்பது.
கொதிக்கும் பால்தேநீர் கொட்டிய கையோடு
பில்கூனைத் தூக்கி ஓடிவந்தார் அப்பா,
ஒற்றைக் காலில் பூட்ஸ்.

எடை?
பதினொன்று என்றேன்.
இங்கே எல்லா மருந்தும் எடைக்குத்தான்.
இருமுறை கணக்குப் போட்டேன்;
மூன்றாம் முறை ஓதோன்சிமெக் போட்டுச் சரியென்றாள்.

மறு கையில் நரம்பு, நூலிழை.
முதல் குத்தில் கிடைக்கவில்லை.
அவன் அலறியது என்னைப் பார்த்துத்தான்.
அடுத்ததில் கிடைத்தது.
வலி அடங்கி உறங்கும்போது
என் அடையாள அட்டையைப் பற்றியிருந்தான்.
பிடுங்க மனமில்லை.

காலையில் பெயரில்லாமல் பஸ் ஏறினேன்.
எதிர் இருக்கையில், கம்பளிக்குள்
கொட்டாவி விடுகிறது ஒரு குழந்தை.
ஏழரை கிலோ இருக்கும்.
வாய்க்குள் பெருக்கத் தொடங்கி
நிறுத்திக்கொண்டேன்.
அதற்கு ஒன்றுமில்லை.
வெறும் தூக்கம்.