அரை மணி

கோபாரில் பெட்ரோல் போடும்போதே சொன்னேன்,
ரெண்டு சாண்ட்விச் வாங்கி வைத்துக்கொள்வோம் என்று.
தேவசகாயம் கேட்கவில்லை.
புரோக்கன் ஹில்லில்
நான்கு புள்ளி ஆறு ஸ்டாரில் ஒரு கடை
போனில் பார்த்து வைத்திருந்தான்.
நானூற்றைம்பது கிலோமீட்டர்
அந்த ஸ்டாரைப் பார்த்தே ஓட்டினான்,
கிழக்கிலிருந்து கிளம்பிய ஞானியைப்போல.

சிவப்பு மண். மறுபடி சிவப்பு மண்.
வேலியோரம் ஒரு ஈமு நின்றது.
தேவசகாயம் அதைப் பார்த்த பார்வை சரியில்லை.

நான்கு புள்ளி ஆறின் கதவில்
ஓர் அட்டை தொங்கியது: செவ்வாய் விடுமுறை.
அடுத்ததில் நாற்காலிகள்
மேஜைமேல் கால்தூக்கிக் கிடந்தன.
இந்த ஊரில் தெருவுக்கெல்லாம் தாதுப் பெயர்.
ஆக்சைடு, குளோரைடு, சல்ஃபைடு.
வெறும் வயிற்றோடு
கெமிஸ்ட்ரி பரீட்சைக்குள் சுற்றிக்கொண்டிருந்தோம்.
பசி வந்தால் பத்தும் பறக்குமாம்.
எங்களுக்குப் பத்தும் கோபாருக்கு இப்பாலேயே பறந்துவிட்டது.

எனக்கென்று ஒரு கணக்கு உண்டு.
படம் போட்ட மெனுவை நம்பமாட்டேன்.
வாசலில் நின்று கூப்பிடுகிறவரை நம்பமாட்டேன்.
மூலை மேஜையில் ஒரு பிள்ளை
வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தால்
கண்ணை மூடிக்கொண்டு உள்ளே போவேன்.
பெற்ற பிள்ளைக்கும் அதே பானைதானே.
ஹோபார்ட்டில் பலித்தது, டார்வினில் பலித்தது.
பெர்த்தில் மட்டும் அந்தப் பிள்ளை
எதிர்க்கடை பர்கரைத் தின்றுகொண்டிருந்தது.

அப்படித்தான் அந்த மீன்–சிப்ஸ் கடை.
கண்ணாடிக்குள் ஒரு பையன், பின்னக் கணக்கு,
அழிரப்பரின் தூள்.
கார்க் கடிகாரத்தில் எட்டு ஐந்து.
இந்த ஊர்ப்பக்கம் எட்டு மணிக்கு அடுப்பை அணைத்தால்
ஆண்டவனே வந்தாலும் முட்டை பொரியாது.
இருந்தும் கதவைத் தள்ளினேன்.

"வாங்க, எட்டு வரைக்கும் இருக்கு" என்றாள்.
"எட்டு ஆயிடுச்சே" என்றான் தேவசகாயம்,
உண்மை பேசும் வியாதி அவனுக்கு.
அவன் காலை மிதித்தேன்.
பையன் தலை நிமிராமல் சொன்னான்:
"ஏழு முப்பத்தஞ்சு. நீங்க சிட்னி நேரத்துல இருக்கீங்க.
இங்க அடிலெய்டு நேரம்."

யாரும் எனக்கு இதுவரை
அரை மணி நேரத்தைச் சும்மா கொடுத்ததில்லை.

அவள் பெயர் மரிசெல். பிலிப்பைன்ஸில் ஏதோ தீவு.
இரண்டு முறை சொன்னாள்,
இரண்டு முறையும் தவறவிட்டேன்.
மெனுவை மூடிவிட்டுக் கேட்டேன்:
"நீங்க ராத்திரிக்கு என்ன சாப்பிடப் போறீங்க?"
அவள் பையனைப் பார்த்தாள்.
பையன் தோளைக் குலுக்கினான்.
பின்கட்டிலிருந்து வந்தது,
ஆவியோடு ஒரு சட்டி:
முள்ளங்கி, நீளக் கத்தரி,
கீறாமல் போட்ட பச்சை மிளகாய்,
புளித் தண்ணீரில் ஒரு மீன்தலை.

முதல் வாயில் "ரசம்" என்றான் தேவசகாயம்.
இரண்டாம் வாயில் "மீன் ரசம்".
மூன்றாம் வாயில் "எங்க வீட்ல" என்று தொடங்கினான்.
"பேசாம தின்னு. ஊர்ல இருக்கிற புளியெல்லாம்
உனக்குச் சொந்தக்காரனா?"
சி–னி–காங், என்று பையன் எழுத்துக்கூட்டினான்.
பிறகு, கணக்கைத் திருத்தியபடியே,
"அந்தத் தலை அப்பாவுக்கு" என்றான்.

சட்டியில் முள்தான் இருந்தது.
அப்பா சுரங்கத்தில்.
ஷிஃப்ட் முடிந்து ஒன்பதுக்கு வருவார்.
மரிசெல் சிரித்துக் கையை வீசினாள்.
நான் முள்ளைத் தட்டின் ஓரத்தில்
வரிசையாக அடுக்கினேன்,
அடுக்கினால் திரும்ப மீனாகும் என்பதுபோல.
தேவசகாயம் எழுந்து கவுண்டருக்குப் போனான்.
எட்டடிக்க நான்கு நிமிஷம்.
"ரெண்டு மீன், ஒரு பெரிய சிப்ஸ். பார்சல்.
எங்களுக்கு இல்ல."

வெள்ளிக்கிழமை திரும்பினோம்.
ஊருக்கு வெளியே எங்கோ,
எந்தப் பலகையும் கண்ணில் படாமலே,
அந்த அரை மணி கழன்று விழுந்தது.
வில்கேனியா வரைக்கும் தேவசகாயம்
போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தான்.
"எத்தனை ஸ்டார் போட்ட?"
"போடல" என்றான்.
"போட்டா கூட்டம் வரும்.
அந்த மனுஷன் சாப்பாட்டைத் தினமும் எவனாவது
தின்னுட்டுப் போயிடுவான்."